அசோசியேஷன் செக்ரட்டரி ஆகிவிட்டீர்களா? நோட்டீஸ் போர்டிலிருந்து தொடங்குங்கள்

ஜெனரல் பாடி மீட்டிங்கில் யாரும் கை தூக்கவில்லை, உங்கள் பெயரை எழுதிவிட்டார்கள். பெரும்பாலான அடுக்ககங்களில் செக்ரட்டரி இப்படித்தான் உருவாகிறார். மறுநாள் ஒரு சாவிக்கொத்து, ரப்பர் ஸ்டாம்ப், பாஸ்புக், நூல் கட்டிய பழைய பைல் எல்லாம் வீடு தேடி வரும். தண்ணீர் லாரிக்கு யாரைக் கூப்பிடுவது, லிஃப்டின் ஏஎம்சி, அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் எப்போது முடிகிறது, மெயின்டனன்ஸ் பாக்கியை எப்படி வசூலிப்பது என்று ஆளாளுக்குப் பாடம் எடுப்பார்கள். அந்த வளாகத்துக்குள் யார் யாரை எப்படி நடத்துகிறார்கள் என்பதிலும் உங்கள் கையெழுத்துக்குப் பங்கு உண்டு என்பதை மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

சாதி பார்ப்பது, மதம் பார்ப்பது, வேலைக்கு வருகிறவரை ஒரு படி கீழே நிறுத்துவது எல்லாம் மனசு சம்பந்தப்பட்டது, இதில் செக்ரட்டரிக்கு என்ன வேலை என்று தோன்றலாம். அறுபது வீட்டு மனசை மாற்றுவது உங்களால் ஆகாது, அதற்கு உங்களைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. ஆனால் அந்த மனசு ஒரு விதியாக, படிவமாக, பூட்டாக வெளியே வந்து நிற்கிறதே, அது உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. நானும் சில வருடம் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறேன். எங்கே தொட்டால் எது அசையும் என்று ஓரளவு தெரியும்.

மதியம் ஒன்றரைக்கு ஒரு சுற்று

பொறுப்பேற்ற வாரமே, ஒரு நாள் மதியம் ஒன்றரை மணிக்கு வளாகத்தைச் சுற்றி வாருங்கள். காலை வாக்கிங்கில் பூச்செடிதான் கண்ணில் படும். ஒன்றரைக்குப் போனால்தான் ஹவுஸ்கீப்பிங் பெண்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், எந்தக் குழாயில் கை கழுவுகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். மீட்டர் ரூம் வாசல், ஜெனரேட்டருக்குப் பின்பக்கம், மாடிப்படித் திருப்பம் என்று இடம் மாறும். எங்கள் வளாகத்தில் அது பேஸ்மென்ட், இரண்டு கார்களுக்கு நடுவே. கீழே ஒரு சாக்கு, அதன் மேல் டிபன் பாக்ஸ்கள். கார் எடுக்க ஆள் வந்தால் குழம்புக் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து சுவரோரம் நின்றுவிட்டு, கார் போனதும் மறுபடி உட்காருவார்கள்.

கேட்டில் உள்ள நாற்காலியையும் பாருங்கள். ஏதோ ஒரு வீட்டில் வேண்டாமென்று போட்ட பிளாஸ்டிக் நாற்காலியாக இருக்கும். பின்கால் விரிசலைக் கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருப்பார்கள். பன்னிரண்டு மணி நேர டியூட்டி அதில்தான். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத்தைத் திருத்தியது. அது கடைகளுக்கான சட்டம்தான், நம் கேட்டுக்குப் பொருந்தாது. அதற்காக நாற்காலி வாங்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறதா என்ன?

“ஏதாவது குறை இருக்கா?” என்று செக்யூரிட்டியிடம் பொதுவாகக் கேட்காதீர்கள். “ஒண்ணும் இல்ல சார்” என்றுதான் பதில் வரும். அவரை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்கு நீங்கள் ஒரு போன் போட்டால் நாளைக்கே வேறு சைட்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். “நைட் டியூட்டியில பாத்ரூம் எங்க போறீங்க?” என்று கேளுங்கள். குறிப்பாகக் கேட்டால்தான் குறிப்பாகப் பதில் வரும். பெண்களிடம் கமிட்டியில் உள்ள ஒரு பெண் பேசட்டும், சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாதபோது.

நோட்டீஸ் போர்டை வரி வரியாகப் படிப்பது

இதுதான் முக்கியமான வேலை, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் பக்கத்தில் லேமினேட் செய்து ஒட்டிய ஒரு தாள் அநேகமாக எல்லா வளாகத்திலும் உண்டு. “வேலைக்காரர்கள், டெலிவரி ஆட்கள், நாய்கள் சர்வீஸ் லிஃப்டை மட்டுமே பயன்படுத்தவும்.” ஒரே வரி, நடுவில் வெறும் காற்புள்ளி. எழுதியவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமில்லை, யோசிக்காமல் எழுதியிருப்பார். யோசிக்காமலே இப்படி எழுத வருகிறது என்பதுதான் இதில் உறுத்துகிறது. (நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று குடியிருப்புகள் தடை போட முடியாது என விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் தந்துவிட்டது. அதைக் காட்டி நாய் வளர்ப்பவர்கள் சண்டை போட்டு ஜெயித்துவிடுகிறார்கள். அந்த வரியில் உள்ள மற்ற இரண்டு பேருக்காகச் சண்டை போட ஆள் வருவதில்லை.)

அந்த விதி எதற்கு என்று பழைய கமிட்டிக்காரர்களைக் கேளுங்கள். குப்பைப் பை ஒழுகுகிறது, சிலிண்டர் இடித்துக் கண்ணாடி உடைந்தது, பெயின்ட் சிந்தியது என்று காரணம் சொல்வார்கள். சரி, அதையே எழுதுவோம்: “குப்பைப் பை, காஸ் சிலிண்டர், மரச்சாமான், பெயின்ட் வாளி ஆகியவற்றைச் சர்வீஸ் லிஃப்டில் கொண்டு செல்லவும்.” இப்போது ஃபிளாட் ஓனரே குப்பையோடு வந்தாலும் சர்வீஸ் லிஃப்ட்தான். சமையல் வேலைக்கு வரும் அம்மா கைப்பையோடு வந்தால் எந்த லிஃப்டிலும் ஏறலாம்.

எல்லா விதிக்கும் இதே முறை. ஆளைக் குறிக்கும் சொல்லை அடித்துவிட்டு, எந்தச் செயல் தொல்லை தருகிறதோ அதை எழுதுங்கள். “பேச்சிலர்களுக்கு வீடு கொடுக்கக் கூடாது” என்று இருக்கிறதா? இரவு பத்து மணிக்கு மேல் வெளியே கேட்கும்படி சத்தம் கூடாது என்று ஆக்குங்கள். அது கல்யாணமானவர்கள் வீட்டுப் பிறந்தநாள் பார்ட்டிக்கும் சேர்த்துத்தான். “அசைவம் சமைப்பவர்களுக்கு அனுமதியில்லை” என்று இருந்தால், ஈரக் கழிவை மூடிய வாளியில் தினமும் வெளியேற்ற வேண்டும் என்பது போதும். “வேலையாட்களின் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு வரக் கூடாது” என்பது, ஊஞ்சலுக்கு வரும் சிறு பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று மாறும்.

சில விதிகளில் ஆளை அடித்த பிறகு எழுத எதுவுமே மிஞ்சாது. “வேலையாட்கள் புல்வெளி பெஞ்சில் உட்காரக் கூடாது” என்பதில் என்ன தொல்லை? உட்காருவதா? அந்த விதி அந்த ஆளைத் தள்ளி வைப்பதற்காக மட்டுமே இருந்தது. தாளைக் கிழித்துவிடுங்கள்.

எதை ஓட்டுக்கு விடக் கூடாது

கழிப்பறையை ஓட்டுக்கு விடாதீர்கள். குடிதண்ணீரையும், உட்கார இடத்தையும், லிஃப்டில் ஏறுவதையும்கூட. புதியவர்கள் ஆர்வத்தில் செய்வது, எல்லாவற்றையும் ஜனநாயகமாக முடிவெடுக்கலாம் என்று அஜெண்டாவில் போட்டுவிடுவது. நாற்பது பேர் கை தூக்கி, ஒருத்தர் சிறுநீர் கழிக்கலாமா என்று தீர்மானிக்கும் கூத்து அப்போதுதான் நடக்கும். தோற்றுவிட்டால் அப்புறம் மினிட்ஸில் ஏறிவிடும், அடுத்த மூன்று கமிட்டிக்கு அதைத் தொட முடியாது. மோட்டார் ரிப்பேரையும் பல்பு மாற்றுவதையும் ஓட்டெடுப்பு இல்லாமல்தானே செய்கிறோம்? பராமரிப்புச் செலவுக்குக் கமிட்டிக்கு ஒரு வரம்பு கொடுத்திருப்பார்கள். இதுவும் அதற்குள் வரட்டும்.

தரைத்தளத்தில் டிரைவர் டாய்லெட் என்று பில்டர் பிளானில் காட்டிய ஒன்று பல வளாகங்களில் இருக்கும். பழைய பெயின்ட் டப்பா போட்டுப் பூட்டி வைத்திருப்பார்கள். அதைக் காலி செய்து, உள்தாழ்ப்பாள், பக்கெட், மக், லைட், பெண்களுக்கு மூடியுள்ள குப்பைக்கூடை வையுங்கள். இடம் இருந்தால் இரண்டாகப் பிரியுங்கள். கேன் தண்ணீர் ஸ்டாண்ட் ஒன்று, டம்ளரோடு, செக்யூரிட்டி ரூமுக்கு வெளியே எல்லோருக்கும் பொதுவாக. கொரியர் கொண்டுவரும் பையனும் குடிக்கட்டும், வாக்கிங் முடித்த மூன்றாவது மாடிக்காரரும் குடிக்கட்டும்.

வீட்டுக்குள் நடப்பதில் நீங்கள் தலையிட முடியாது. வேலைக்கு வரும் பெண்ணை “அக்கா, அக்கா” என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டே, அவருக்கான டம்ளரைப் பால்கனி கிரில்லில் தனியாகக் கவிழ்த்து வைக்கும் வீடுகள் உண்டு. அங்கே உங்கள் எல்லை முடிகிறது. அசோசியேஷன் பணத்தில் நடக்கும் பொங்கல் விழாவில் அது தொடங்குகிறது. ஒரே வரிசை, ஒரே தட்டு. செக்யூரிட்டிக்கு மாலை ஐந்து மணிக்கு மிச்சத்தைப் பார்சல் கட்டுவது வேண்டாம். டியூட்டி மாற்றிவிட்டு முதல் பந்தியிலேயே உட்காரச் சொல்லுங்கள்.

வாடகைதாரர் படிவம்

தமிழ்நாட்டில் பெயரை வைத்துச் சாதி கண்டுபிடிப்பது மற்ற மாநிலங்கள் அளவுக்குச் சுலபமில்லை. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இன்றைக்கு நம்மில் பெரும்பாலோர் வெறும் இனிஷியலோடு நடமாடுகிறோம். பெயரில் போனது வேறு வழியில் திரும்பி வரும். வீடு பார்க்கப் போனவர்களுக்கு இந்தக் கேள்விகள் மனப்பாடமாக இருக்கும்: “சொந்த ஊர் எது?” “ஊருக்குள்ள எந்தத் தெரு?” “குலதெய்வம் எது?” “அப்பா என்ன வேலை?” “வீட்ல நான்வெஜ் உண்டா?” தோளில் தட்டிக் கொடுப்பதுபோல் பூணூல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற பெரியவர்களும் உண்டு. எதற்கும் பிடி கிடைக்காவிட்டால், “நம்ம ஆளுங்களா?” என்று நேராகவே கேட்டுவிடுவார்கள். முஸ்லிம் என்றால் இத்தனை கேள்வி தேவைப்படாது. பெயரைக் கேட்டதுமே “இப்பத்தான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்” என்று புரோக்கர் சொல்லிவிடுவார்.

ஓனர் கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பைலில் உள்ள உங்கள் அசோசியேஷன் படிவத்தை எடுத்துப் பாருங்கள். மதம், சமூகம், உணவுப் பழக்கம், சொந்த ஊர் என்று கட்டங்கள் இருக்கும். எங்கிருந்தோ காப்பி அடித்த படிவம். உங்களுக்குத் தேவையானது பெயர், போன் நம்பர், எத்தனை பேர், வண்டி எண், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, ஒப்பந்த நகல். மற்ற கட்டங்களை எடுத்துவிட்டுப் புதிதாக அச்சடியுங்கள். அப்புறம், “வாடகைதாரர் கமிட்டி இன்டர்வியூ” என்று ஒரு பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். போலீஸ் விவரப் படிவம் வாங்குவதாக இருந்தால் எல்லோரிடமும் ஒன்றாக வாங்குங்கள். வடமாநிலத்துப் பையன்களிடம் மட்டும் கறாராகக் கேட்டுவிட்டு, ஐடி கம்பெனி ஐடி கார்டு தொங்கவிட்டவரைச் சிரித்து அனுப்புவது கூடாது.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கமிட்டியில் ஒருவர் கட்டாயம் “இது பிரைவேட் ப்ராபர்ட்டி” என்பார். தீண்டாமையின் பேரில் ஒருவரை ஒரு குடியிருப்பில் வீடு வாங்கவோ குடியிருக்கவோ விடாமல் தடுப்பது 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரைப் பிறர் பார்க்கும்படியான இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். உங்கள் கார் பார்க்கிங்கும் லாபியும்கூட அப்படிப்பட்ட இடங்களாக இருக்கலாம். திருநர்களுக்கு வாடகைக்கு வீடு மறுப்பதை 2019-ஆம் ஆண்டுச் சட்டமும், எச்ஐவி உள்ளவர்களுக்கு மறுப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கின்றன. ஓர் ஓனர் மதத்தைக் காரணம் காட்டி வீடு தர மறுத்தால் அதைத் தடுக்க இப்படி ஒரு தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அது பெரிய ஓட்டை. ஓனரை உங்களால் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அசோசியேஷன் லெட்டர்ஹெட்டில் அவருக்குத் துணைபோகும் கடிதம் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். “அசோசியேஷன் ரூல் சார், நான் என்ன பண்றது” என்று சொல்லித்தான் பாதி ஓனர்கள் தப்பிக்கிறார்கள். அப்படி ஒரு ரூல் கிடையாது என்று நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட்டுவிட்டால் அந்தச் சாக்கு போய்விடும்.

“என் மோதிரத்தைக் காணோம்”

இந்த மெசேஜ் உங்கள் காலத்தில் ஒரு முறையாவது வாட்ஸ்அப் குரூப்பில் வரும். கீழே வரிசையாக, “எங்க வீட்லயும் போன மாசம் ஐந்நூறு ரூபா காணல”, “அந்த பி பிளாக் பொண்ணு மேல எனக்கு முதல்லேர்ந்தே டவுட்”. அரை மணி நேரத்தில், கேட்டில் வருகையைப் பதியும் ஆப்பிலிருந்து அந்தப் பெண்ணின் போட்டோவும் வந்துவிடும். மறுநாளே அவருக்கு நான்கு வீட்டு வேலை போகும். மோதிரம் பிறகு பாத்ரூம் ஷெல்ஃபில் கிடைக்கும். குரூப்பில் அதை யாரும் எழுதுவதில்லை.

அதனால் பிரச்சினை வருவதற்கு முன்பே குரூப் விதியாகப் போட்டுவிடுங்கள்: திருட்டுப் புகாரில் யார் பெயரும் படமும் வரக் கூடாது, வந்தால் அட்மின் நீக்குவார். மெசேஜ் வந்ததும் நீங்கள் செய்ய வேண்டியது, அந்த வீட்டுக்குப் போன் போட்டு இன்னொரு தடவை தேடச் சொல்வது. கிடைக்கவில்லையென்றால் போலீஸில் புகார் கொடுக்க வேண்டியது அவர்கள். கேமரா பதிவைப் போலீஸ் கேட்டால் கொடுப்பது உங்கள் வேலை. செக்யூரிட்டியை விட்டுப் பையைச் சோதிப்பது, ஆபீஸ் ரூமில் உட்கார வைத்து விசாரிப்பது எதுவும் வேண்டாம், அதற்கு உங்களுக்கு அதிகாரம் கிடையாது. தினமும் வெளியே போகும்போது வேலையாட்களின் பையை மட்டும் திறந்து காட்டச் சொல்லும் வழக்கம் இருந்தால் அதையும் இதோடு நிறுத்திவிடுங்கள். பெரிய பொருள் வெளியே போனால் வீட்டுக்காரரின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வையுங்கள். டிவியைத் தூக்கிக்கொண்டு போகும் ரிப்பேர்காரருக்கும், காலி செய்யும் வாடகைதாரருக்கும், ஓனரின் மச்சானுக்கும் அதே சீட்டு.

தொட்டிக்குள் ஆளை இறக்காதீர்கள்

இதில் பேச்சுக்கே இடமில்லை. செப்டிக் டேங்க், எஸ்டிபி எனப்படும் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டி, டிரெய்னேஜ் மேன்ஹோல் எதற்குள்ளும் பாதுகாப்பு ஏற்பாடு எதுவும் இல்லாமல் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 வருடம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உள்ளே இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. யார் இறங்குகிறார்கள், எந்தச் சாதிக்காரர்களைத் தேடிக் கூப்பிடுகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். “அவங்களுக்குப் பழக்கம் சார்” என்று ஒரு கான்ட்ராக்டர் சொன்னால் அவரை அங்கேயே அனுப்பிவிடுங்கள். விஷவாயுவுக்குப் பழக்கம் என்று ஒன்று கிடையாது. 14420 என்ற எண்ணில் கூப்பிட்டால் இயந்திர வண்டி ஏற்பாடு பற்றிச் சொல்வார்கள். தொட்டி மூடியில் பூட்டு போட்டு, சாவியைக் கமிட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டிங்கில் வரும் பேச்சு

எதிர்ப்பு வரும், ஆனால் பயப்படும் அளவுக்கு வராது. திரும்பத் திரும்ப வருவது மூன்று. “நம்ம வளாகத்துல யார் சார் சாதி பாக்குறா?” என்று ஒருவர் கேட்பார். விவாதம் பண்ணாதீர்கள். “அப்போ அந்தக் கட்டத்தைப் படிவத்துலேர்ந்து எடுக்குறதுல பிரச்சினை இல்லையே?” என்று கேட்டுவிட்டு அடுத்த அஜெண்டாவுக்குப் போங்கள். “ப்ராபர்ட்டி வேல்யூ குறைஞ்சிடும்” என்பவரிடம் லிஃப்டும் தண்ணீரும் ஒழுங்காக இருந்தால் வேல்யூ ஏறும் என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. மூன்றாவது கொஞ்சம் சிக்கலானது: “அவங்களே தரையில உக்காரத்தான் விரும்புறாங்க, நாம ஏன் கட்டாயப்படுத்தணும்?” நாற்காலி போடுங்கள். உட்காருவதும் உட்காராததும் அவர்கள் இஷ்டம். நாற்காலியே இல்லாத இடத்தில் விருப்பத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

காசு விஷயத்தை மறந்துவிடாதீர்கள். மரியாதைக்கு அப்புறம் எல்லோரும் மறப்பது இதைத்தான். தீபாவளி போனஸை வீட்டுக்கு வீடு அவரவர் மனம்போல் கொடுப்பதைவிட, மொத்தமாக வசூலித்து, ஏஜென்சி ஆட்களையும் சேர்த்து, பட்டியல் போட்டு வங்கிக் கணக்கில் போடுங்கள். வீட்டு வேலை செய்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007 முதல் தனி நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கு, திருமணத்துக்கு, முதுமையில் ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. ஆனால் பதிவு செய்ய வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம், போட்டோ கொண்டுவரச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸில் லேப்டாப்பும் பிரின்டருமாக உட்காருங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த காலேஜ் பிள்ளைகள் எல்லா வளாகத்திலும் இருக்கிறார்கள். இதற்கு யாரும் எதிர்ப்புச் சொல்ல மாட்டார்கள். எதிர்க்கிறவர்களேகூட டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

எழுதி வைத்துவிட்டுப் போங்கள்

உங்கள் காலம் முடிந்ததும் பழைய தாள் மறுபடி லேமினேட் ஆகி ஒட்டப்படும், சந்தேகமே வேண்டாம். அதனால் மாற்றிய ஒவ்வொன்றையும் காரணத்தோடு மினிட்ஸில் ஏற்றுங்கள். பைலாவிலேயே, அதாவது சங்கத்தின் பதிவான விதிகளிலேயே, சாதி, மதம், உணவு பற்றிய வரி இருந்தால் நோட்டீஸை மாற்றினால் போதாது. 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானது உங்கள் அசோசியேஷன் என்றால் சிறப்புத் தீர்மானம் போட்டு, திருத்தத்தை மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். தாமதமாகும், ஆடிட்டரையோ வக்கீலையோ கேட்டுச் செய்யுங்கள். ஏஜென்சி ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது கழிப்பறை, சாப்பிட இடம், நாற்காலி, வார விடுமுறை நான்கையும் அதில் ஷரத்தாகச் சேர்த்துவிடுங்கள். கமிட்டி மாறினாலும் ஒப்பந்தம் நிற்கும்.

பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் சாவிப் பட்டியல் ஒன்று கொடுப்பீர்கள். தரைத்தள டாய்லெட் சாவி அந்தப் பட்டியலில் இருக்க வேண்டாம். பகலில் அதற்குப் பூட்டு தேவையில்லை. இரவில் பூட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு சாவி செக்யூரிட்டியிடம், இன்னொன்று கேன் தண்ணீர் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஆணியில்.